மலிவு விலைத் துப்பாக்கி

நான் எழுதிய கதைகளில் இதுவரை பதினேழு பேர் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குறி தவறாதவர்கள். இத்தனை பேரைச் சுட வைத்த நான் மட்டும் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தது கிடையாது. இந்த ரகசியம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்ததாக இருந்தது. போன வருஷம் ஒரு வாசகர் எழுதிய கடிதம் அதை வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. "ஆறு குண்டு கொள்ளும் ரிவால்வரை வைத்துக்கொண்டு தங்கள் கதாநாயகன் எட்டு முறை சுடுகிறானே, மிச்ச இரண்டு குண்டும் எங்கிருந்து வந்தன?" என்று மிகுந்த பணிவோடு கேட்டிருந்தார் அந்த மனிதர். பணிவான கடிதங்கள்தாம் அதிகம் வலிக்கும்.

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இனிமேல் நானே நாலு முறையாவது சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதையில் யாரையும் சுடவிடுவது. ஆனால், நிஜக் கைத்துப்பாக்கி என்பது என் போன்றவனுக்கு எட்டுகிற பண்டம் அல்ல. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். எதற்காகத் துப்பாக்கி, யாரால் உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் விசாரிப்பார்கள். "விமரிசகர்களால்" என்று பதில் சொன்னால் மனு அங்கேயே குப்பைக் கூடைக்குப் போய்விடும். காற்றின் விசையால் சுடுகிற ஏர் பிஸ்டல் விஷயம் வேறு. 2016ஆம் வருஷத்து விதிகளின்படி அதன் குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது நாலரை மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டின் விசை 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஆகவே, யாராவது வாங்கிச் சலித்துப் போட்டிருப்பார்களா என்று விசாரித்தேன். விசாரணை என்னைக் கோட்டக்குப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம் வந்துவிடும். 'வந்துவிடும்' என்கிறேனே தவிர, எங்கே புதுச்சேரி முடிந்தது, எங்கே கோட்டக்குப்பம் தொடங்கியது என்று புதிதாகப் போகிறவருக்குத் தெரியாது. கடைகளும் வீடுகளும் தொடர்ந்து கொண்டே போகும். பெயர்ப் பலகைகளில் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதியிருப்பதைக் கண்ட பிறகுதான் எல்லை தாண்டிவிட்டோம் என்று உணர்வோம். 2021ல் நகராட்சியாக உயர்ந்த ஊர். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே மின்சாதனங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெயரை விட்டுவிட்டுப் 'பாய்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களோடு விளையாட்டாகச் சுடுவதற்கென்று வாங்கிய ஏர் பிஸ்டல் ஒன்று அவர் வீட்டுப் பரண்மேல் கிடந்தது. பிள்ளைகள் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார்கள். பிஸ்டல் பரணுக்குப் போய்விட்டது.

"எவ்வளவு பாய்?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட என்ன சார் விலை பேசறது? ஆயிரத்தைந்நூறு குடுங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி நல்லா பாத்துக்கங்க. பழைய சாமான்."

பார்ப்பது எப்படி என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். குழலை மடக்கிச் சுருள்வில்லை இழுக்கும்போது கைக்குத் தளர்ச்சி தெரிந்தால் வில் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே காற்றை அடைக்கும் வாஷர் தேய்ந்திருந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், குண்டு சோம்பேறியாகப் போகும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று நோக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குண்டு போடாமல் வெறுமனே விசையைத் தட்டக்கூடாது. எதிர்க்க ஒன்றும் இல்லாத வில், தன் பலத்தாலேயே தன்னை உடைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் உடனே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். என்றைக்காவது ஒரு கதாபாத்திரத்துக்கு உதவும்.

மாலையில் ஊருக்கு வடக்கே அவருடைய உறவினரின் சவுக்குத் தோப்புக்குப் போனோம். ஒரு மண்மேட்டின்மேல் பழைய பால் டப்பாவை வைத்தார். இருபது தப்படி தள்ளி நின்று நான் குறி பார்த்தேன். ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, கதைகளில் நான் எழுதியபடியெல்லாம் செய்தேன். விசையில் விரலை வைத்த நேரத்தில் பாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க சார். டப்பாவைப் பாத்தீங்க, சரி. டப்பாவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

மேட்டுக்கு அப்பால் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் விறகுக் கட்டோடு ஒரு பெண்மணி போய்க்கொண்டிருந்தாள். மேடு எங்களை மறைத்துக் காத்தது உண்மைதான். ஆனாலும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அவள் போகும்வரை காத்திருந்து பிறகு சுட்டேன். பன்னிரண்டு முறை சுட்டதில் டப்பாவில் பட்டது ஒரே ஒரு முறை. அதுவும் நான் குறி வைத்த இடத்தில் அல்ல.

களைத்துப்போய் உட்கார்ந்தோம். பாய் தெற்கே கையைக் காட்டி, "இந்தப் பக்கம் துப்பாக்கி பழகினது நீங்க மொத ஆள் இல்ல சார்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் என் மனம் அங்கேதான் போயிருந்தது.

நூற்றுப் பத்து வருஷங்களுக்கு முன் இந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தால், எங்கள் காலடியில் இருப்பது ஆங்கிலேயர் மண். பார்வைக்கு எட்டும் தூரத்தில் தொடங்குவது பிரெஞ்சுக்காரர் மண். இரண்டிலும் ஒரே மணல், ஒரே தென்னை, ஒரே தமிழ். சட்டம் மட்டும் வேறு. இந்தப் பக்கத்தில் 1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நடந்தது. அதன்படி இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். குடகு நாட்டுக் கொடவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. அவர்களுக்கு அந்த விலக்கு இன்றளவும் தொடர்கிறது. துப்பாக்கியைத் தொடாத மகாத்மா காந்தியே 1918ல், ஆங்கில ஆட்சியின் குற்றங்களில் மிகக் கறுப்பானதாக இந்தச் சட்டத்தைத்தான் குறிப்பிட்டார். குண்டினால் வந்த கோபம் அல்ல அது; ஒரு தேசத்தையே நம்பத் தகாதவர்கள் என்று சொன்னதால் வந்த கோபம்.

பிரெஞ்சு மண்ணில் இந்தச் சட்டம் செல்லாது. ஆங்கிலேயரின் பிடிவாரண்டும் செல்லாது. அதனால்தான் 1908ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே வருஷத்தில், லண்டனிலிருந்து தப்பி, மாறுவேஷத்தில் கடல் கடந்து ஒருவர் வந்து சேர்ந்தார். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர்தான் அவர். தமிழில் கதை எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு விதத்தில் மூத்த அண்ணா. 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய அந்தக் கைதான் இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தது.

அவர் அதைக் கற்ற கதையைப் பார்க்க நாம் கொஞ்சம் லண்டன் வரை போய்வர வேண்டும். பாரிஸ்டர் படிப்புக்காக 1907ல் அங்கே போனார் ஐயர். ஹைகேட் பகுதியில் ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்தார். இந்தியாவில் மறுக்கப்பட்ட பண்டம் அந்த ஊரில் கடையில் கிடைத்தது. 1903ஆம் வருஷத்துப் பிஸ்டல் சட்டம் அங்கே உண்டு. ஆனால் பத்து ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்கிவிட்டால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். ஆளும் நாட்டில் இந்திய மாணவன் பத்து ஷில்லிங்குக்குப் பெறுகிற உரிமையை, ஆளப்படுகிற சொந்த நாட்டில் அவன் கெஞ்சினாலும் பெற முடியாது. இந்த விசித்திரத்தை அந்த இளைஞர்கள் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

மதன்லால் திங்ரா என்ற பஞ்சாபி மாணவர் அவர்களில் ஒருவர். லண்டனில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். 1909 ஜனவரியில் கேமேஜ் என்ற பெரிய கடையில் ஒரு கோல்ட் பிஸ்டல் வாங்கினார். விலை மூன்று பவுன் ஐந்து ஷில்லிங். விளையாட்டுச் சாமான்களும் சைக்கிள்களும் விற்கிற கடை அது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் இருந்த சுடும் பயிற்சிக் கூடத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய்ப் பழகினார். ஜூலை முதல் தேதி மாலையிலும் போனார். பதினெட்டடி தூரத்திலிருந்து பன்னிரண்டு முறை சுட்டதில் பதினொன்று இலக்கில் பட்டன என்று கூடத்தின் சொந்தக்காரர் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற என் கணக்கையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் என் தகுதி புலப்படும்.

அன்றிரவே இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் நடந்த ஒரு விருந்தில் சர் கர்ஸன் வைலி என்ற அதிகாரியைத் திங்ரா சுட்டார். குறி தவறவில்லை. ஆனால் ஷாங்காயில் வைத்தியம் பார்த்துவந்த லால்காகா என்ற பார்ஸி டாக்டர், வைலியைக் காப்பாற்ற ஓடிவந்தார். அவர்மேலும் குண்டு பாய்ந்தது. அவரும் இறந்தார். அவர் இந்தியர். பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதம் காகித இலக்கைச் சுட்ட திங்ராவுக்கு ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கற்றுக் கொடுத்திருக்க முடியாது. காகித இலக்குக்கு நண்பர்கள் கிடையாது. அதைக் காப்பாற்ற யாரும் குறுக்கே ஓடிவருவதில்லை. ஆகஸ்டு 17ஆம் தேதி திங்ரா தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் காலத்துப் பிஸ்டல்களில் பிரௌனிங் என்ற பெயர் உலகமெல்லாம் பரவியிருந்தது. ஜான் பிரௌனிங் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துக்காரர். அவர் அமைத்த பிஸ்டலைச் செய்து விற்றது பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஊரில் உள்ள தொழிற்சாலை. ஒரு குண்டு வெடிக்கும்போது பின்னுக்குத் தள்ளுகிற விசை இருக்கிறதே, அதை வீணாக்காமல், காலிக் கூட்டை வெளியே எறியவும் அடுத்த குண்டை உள்ளே ஏற்றவும் பயன்படுத்திக்கொண்டதுதான் அதன் சாமர்த்தியம். அவருடைய 1900ஆம் வருஷத்து மாதிரியின் அடுக்கில் ஏழு குண்டு கொள்ளும். கோட்டுப் பைக்குள் அடங்கும். ஆயிரக்கணக்கில் செய்ததால் விலையும் குறைந்தது. அரசாங்கங்களின் கையில் மட்டும் இருந்த வேகம் தனி மனிதன் பைக்குள் வந்துவிட்டது. 1904 ஜூன் 16ஆம் தேதி ஹெல்சிங்கியில் ஷௌமான் என்ற இளைஞர் பிரௌனிங்கால் ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகாஃபைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியாவின் ஆன் ஜுங்-குன், ஜப்பானின் இதோவைச் சுட்டார். உடன் வந்தவர்களில் மூவர் காயமடைந்தார்கள். 1914ல் சரயேவோவில் பிரின்ஸிப் சுட்டதும் பிரௌனிங்தான். ஆஸ்திரிய இளவரசரோடு அவருடைய மனைவி ஸோஃபியும் மாண்டார். அவரைக் கொல்ல நினைக்கவில்லை என்று பிரின்ஸிப் சொன்னார். நினைக்காதவர்களின் கணக்கு அந்த வருஷம் முடிவதற்குள் லட்சங்களைத் தாண்டிவிட்டது.

இந்தியாவுக்கும் பிரௌனிங் வந்தது. 1909ல் சாவர்க்கர் இருபது பிரௌனிங் பிஸ்டல்களை, பெட்டியின் கள்ள அடிப்பலகைக்குக் கீழே மறைத்து, சதுர்புஜ் அமீன் என்பவர் மூலம் அனுப்பினார். அவற்றில் ஒன்றுதான் அந்த வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்ஸனைக் கொன்றது.

இனிப் புதுச்சேரிக்குத் திரும்புவோம். ஊருக்கு வெளியே கரடிக்குப்பம் என்ற இடத்தில் ஐயர் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி கொடுத்தார். 1911ன் தொடக்கத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். செங்கோட்டைக்காரர், புனலூரில் வன இலாகாக் குமாஸ்தா, வயது இருபத்தைந்து. நீலகண்ட பிரம்மசாரியின் ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்தவர். வாஞ்சிநாதன் என்று சொன்னால் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை.

அவருடைய குறி திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். 1908ல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து, வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்குவதில் முன்னின்றவர் என்று மக்கள் அவர்மேல் கடுங்கோபம் கொண்டிருந்தார்கள். இங்கே இன்னொரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். திருநெல்வேலி ஜில்லாவில் ஒருவன் துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டியது கலெக்டரிடம். அதாவது, ஆஷிடம்!

1911 ஜூன் 17ஆம் தேதி காலை, ஆஷும் அவர் மனைவி மேரியும் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். கொடைக்கானலில் இருந்த தங்கள் குழந்தைகளிடம் போய்க்கொண்டிருந்தார்கள். மணியாச்சி ஜங்ஷனில் வேறு ரயிலுக்காக வண்டி நின்றது. வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி மிக அருகிலிருந்து சுட்டார். அந்தத் தூரத்தில் சுடுவதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை. மனைவியின் கண்ணெதிரே ஆஷ் விழுந்தார். வாஞ்சி பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, துப்பாக்கியைத் தம் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். பக்கத்தில் கிடந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ஷௌமான் சுட்டுக்கொண்டு சரியாக ஏழு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் சபதம் செய்திருப்பதாகவும், அதைத் தெரிவிக்கவே இதைச் செய்ததாகவும் அதில் இருந்தது. கொடுமையைக் கண்டு கொதித்த ஒரு மனம் அதில் தெரிகிறது. தன் உயிரைப் பொருட்படுத்தாத துணிவு தெரிகிறது. அந்தத் துணிவின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால், மன்னரை மிலேச்சன் என்றும், மாட்டிறைச்சி தின்பவன் என்றும், 'ஐந்தாம்' என்பதைப் 'பஞ்சமன்' ஆக்கியும் அது இழிவு செய்கிறது. நாட்டைப் பிடித்தவன் என்ற குற்றத்தோடு, பிறப்பும் உணவும் குற்றமாகச் சேர்ந்துவிடுகின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வாஞ்சியைப் படித்தபோது எனக்கு இந்தக் கடிதத்தை யாரும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு படித்தேன். நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தோப்பில் உட்கார்ந்து பாயிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் அந்தப் பால் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கணக்குல பாத்தா குறிக்குள்ள நானும் வந்துடுவேனே சார்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது? துப்பாக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே குறியை வரைந்துவிடுகிறார்கள். வரைவது இரும்பு அல்ல, வார்த்தை. ஒரு மனிதன்மேல் ஒரு வார்த்தையை ஒட்டுகிறோம். பிறகு அவனுக்குப் பின்னால் நிற்பவர்கள்மேலும் அந்த வார்த்தை போய் ஒட்டிக்கொள்கிறது. ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம் என்றேனே, வார்த்தைக்கும் உரிமம் வேண்டாம். அந்தச் சரக்கைத்தான் நான் இருபது வருஷமாக விற்றுப் பிழைக்கிறேன்.

மணியாச்சியில் வெடித்த குண்டின் கணக்கு அன்றோடு முடியவில்லை. போலீஸார் வலைவீசத் தொடங்கியதும் சங்கத்தைச் சேர்ந்த இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். பதினான்கு பேர்மேல் வழக்கு நடந்தது. 1912ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் சங்கரன் நாயர். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழு வருஷம் சிறை. வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நாலு வருஷம். மாடசாமி என்பவர் அகப்படவே இல்லை. செங்கோட்டையில் பொன்னம்மாள் என்ற இளம்பெண் விதவையானாள். மேரி ஆஷ் குழந்தைகளோடு கப்பல் ஏறினாள். இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே காலை நேரம் இருவரின் வாழ்க்கையையும் துண்டாக்கியது.

புதுச்சேரியில் வேவுகாரர்கள் மொய்த்தார்கள். ஐயர், பாரதி முதலியவர்களைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்று ஆங்கில அரசாங்கம் அறிவித்தது. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்க் காகிதங்கள் அடங்கிய ஜாடியை வேவுகாரர்கள் போட்டுவைத்த சம்பவமும் நடந்தது. புதுச்சேரியை விட்டு வடக்கே நாலு மைல் நடந்தால் கைது. தெற்கே நடந்தாலும் கைது. 1918 நவம்பரில் கடலூர்ப் பக்கமாக எல்லையைக் கடந்த பாரதியார் உடனே பிடிபட்டார்.

அந்தச் சிறையில்லாத சிறையில் ஐயர் என்ன செய்தார் தெரியுமா? திருக்குறளை உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916ல் புத்தகம் வெளிவந்தது. கதைகள் எழுதினார். கம்பனில் மூழ்கினார். மன்னிப்புக் கிடைத்துத் தமிழ்நாடு திரும்பியதும் 'தேசபக்த'னில் ஆசிரியராக இருந்தார். எழுத்துக்காகப் பெல்லாரிச் சிறைக்குப் போனார். அங்கேயும் கம்பனைப் பற்றியே எழுதினார். துப்பாக்கி பிடித்தவர் காந்தியின் வழிக்கு வந்துவிட்டார். ஆனால் குறி பார்க்கிற சோதனை மட்டும் அவரை விடவில்லை. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று பெரிய கிளர்ச்சி எழுந்தது. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பிய கிளர்ச்சி அது. மணியாச்சிக் கடிதத்திலும் சேரன்மாதேவிப் பந்தியிலும் நான் காண்பது ஒரே கோடுதான். ஆங்கிலேயனை நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற தமிழன் கண்ணில் படவில்லை.

1925 ஜூனில் மாணவர்களோடு பாபநாசத்துக்குப் போனார் ஐயர். கல்யாண தீர்த்தத்து அருவியில் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். அவளைக் காப்பாற்றப் பாய்ந்த தகப்பனும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்துநாலு. எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இந்தப் பாடங்களையெல்லாம் அவர் ஓர் ஆயுட்காலத்தில் கற்றார். நான் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஒரு மாலை நேரத்தில் கேட்டுக்கொண்டேன்.

நீலகண்ட பிரம்மசாரி பிற்காலத்தில் துறவியாகி, ஓங்கார் என்ற பெயரோடு நந்தி மலையில் வாழ்ந்து, 1978ல் மறைந்தார். மணியாச்சி இப்போது வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டை 1956ல் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. புதுச்சேரி 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. கோட்டக்குப்பத்து எல்லையில் இப்போது யாரும் யாரையும் சோதிப்பதில்லை. அன்றைக்குத் தேசபக்தர்கள் துப்பாக்கிக்காகப் பார்த்திருந்த பாரீஸ் நகரத்தின் பெயரை 2024ல் நாம் வேறு விதமாகக் கேட்டோம். அந்த வருஷத்து ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற நம் நாட்டுப் பெண் ஏர் பிஸ்டல் போட்டிகளில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றாள். பத்து மீட்டர் தூரத்து இலக்கு. அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு பதினொன்றரை மில்லிமீட்டர்தான். காகிதத்தைச் சுடுவதற்கென்றே ஒரு பெண் தன் இளமையைச் செலவிடலாம் என்கிற நாடாக நாம் ஆகியிருக்கிறோம். நூறு வருஷத்து வரலாற்றில் எனக்கு மிகவும் ஆறுதல் தருகிற செய்தி அது.

இருட்டத் தொடங்கியது. பாய் எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தார். என் ஒரே ஒரு குண்டு பட்ட இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது, துளைகூட விழவில்லை.

"பிஸ்டலை எடுத்துட்டுப் போறீங்களா சார்?"

"இங்கேயே இருக்கட்டும் பாய். சுட வேண்டுமென்று தோன்றினால் வருகிறேன். சுடுவதற்கு முன்னால் கையைப் பிடிக்க நீங்கள் வேண்டுமே."

ஆயிரத்தைந்நூறு ரூபாயை அவர் கையில் வைத்தேன். அவர் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். "வாஷர் மாத்தணும் சார், அது என் பாடு" என்றார்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பணிவான வாசகருக்குப் பதில் எழுதினேன். தவறை ஒப்புக்கொண்டேன். மறுபதிப்பில் கதாநாயகன் ஆறு முறைதான் சுடுவான் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: வில்லனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை நான் எழுதவே இல்லை. எழுதிப் பார்த்தேன். ஒரு சமையற்காரர் நின்றார். வாசலில் ஒரு குழந்தை நின்றது. இப்போது கதாநாயகன் ஆறு முறை சுடுவதில்லை. ஒரு முறையும் சுடுவதில்லை. கதை மூன்று பக்கம் நீண்டுவிட்டது. அதனால் கதை கெட்டுவிட்டதா என்பதை வாசகர்தாம் சொல்ல வேண்டும்.